ஏஐ படம் பார்த்துக் கையால் பொம்மையும் குட்டி ரயிலும் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு கோயம்புத்தூர் போத்தனூரில். நவராத்திரிக்குக் கொலுப்படிக்குப் பக்கத்தில் மண் கொட்டிப் பார்க் கட்டுவது சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஒரு வருடம் அந்தப் பார்க்கில் ரயில் நுழைந்தது. இப்போது எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகையில் மேட்டுப்பாளையம் ஸ்டேஷன், பவானி ஆற்றுப் பாலம், கல்லார் பாக்குத் தோப்பு, அதைத் தாண்டி மலையேறும் இடம் வரை வளர்ந்திருக்கிறது. பார்க்க வருகிறவர்களும், ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து பழக வரும் பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிவரும் பெற்றோரும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஏனுங்க, ஏஐ படம்னா கூகுள்ல தேடி எடுக்கற படந்தானுங்களே?

இல்லை. தேடி எடுப்பது யாரோ ஒருவர் கேமராவில் பிடித்த படம், அல்லது கையால் வரைந்த படம். ஏஐ படம், அதாவது செயற்கை நுண்ணறிவு போடும் படம், நாம் எழுதிக் கொடுக்கும் வர்ணனைக்கு அப்போதுதான் உருவாகிறது. ஏராளமான படங்களையும் அவற்றின் விளக்கங்களையும் வைத்துப் பழக்கிய மென்பொருள் அது. பெரும்பாலானவை வெறும் புள்ளிக் கலவையில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி, கேட்டதற்கு ஒத்த படமாக்கிக் கொடுக்கின்றன.

ரயில் படம் பார்க்க எப்படி இருக்கும் என்பதை அது கற்றிருக்கிறது. ரயில் எப்படி ஓடுகிறது, தண்டவாளம் எதற்காக வளைகிறது என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதிலேயே விடை இருக்கிறது.

அதுவே இத்தன அழகாப் படம் போடுதே, அப்புறம் கையில எதுக்குங்க செய்யோணும்?

படத்தைச் சுற்றி வர முடியாது. குட்டி ரயில் பலகைக்கு முன்னால் முட்டி போட்டு, பிளாட்பார மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் பாருங்கள். டீக்கடைக்காரர் முதுகுக்குப் பின்னால் எஞ்சின் வருவது தெரியும். அந்த இடம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்ற உணர்வு படத்தில் வராது.

இன்னொன்று, செய்யும்போதுதான் ஒரு பொருளை முழுசாகப் பார்க்கிறோம். ஓட்டு வீட்டுக் கூரையை அட்டையில் வெட்டி ஒட்டிய பிறகுதான், முகட்டு ஓடு வேறு வடிவம் என்பதை நானே கவனித்தேன். அதுவரை அந்தக் கூரைக்குக் கீழேதான் குடியிருந்தேன்.

என்னன்னு எழுதிக் கேட்டா நல்ல படம் வருமுங்க?

"கொங்கு நாட்டுக் கிராமம், ரயில் போகிறது" என்று முதன்முதலில் கேட்டேன். வந்தது ஏதோ ஒரு குளிர் நாட்டுக் கிராமம். ஓரத்தில் இரண்டு தென்னை, வீட்டைச் சுற்றி வெள்ளை அடித்த மரப்பலகை வேலி. ஊர்ப் பெயரைச் சொன்னால் போதாது, கண்ணில் படுவதைச் சொல்ல வேண்டும் என்று அன்று புரிந்தது.

நம் பக்கத்துச் சொற்களில் பல அதற்குப் பிடிபடாது. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாடு மேய்வதற்கென்றே புல் விட்டு, சுற்றிலும் கிளுவையை உயிர்வேலியாக நட்டு, நடுவில் வெள்வேல மரங்கள் நிற்கும் நிலம். "கொரங்காடு" என்று எழுதினால் குரங்கையும் காட்டையும் வரைந்து தருகிறது. அதனால் இப்படி எழுதுகிறேன்: "முழங்கால் உயரம் காய்ந்த பழுப்புப் புல். சுற்றிலும் ஆள் உயரத்துக்கு நெருக்கமாக நட்ட முள் செடி வேலி, கிளைகள் சாம்பல் நிறம், இலை குறைவு. நடுவில் குடை போல் விரிந்த முள்மரங்கள் மூன்று. சாம்பல் நிறக் காளை ஒன்று, திமில் பெரியது, கொம்பு மேல்நோக்கி வளைந்தது. பங்குனி மதியம், நிழல் காலடியில் சுருங்கியிருக்கிறது. தரையில் படுத்துப் பார்க்கும் கோணம்." கடைசி இரண்டும் முக்கியம். நேரத்தையும் பார்க்கும் கோணத்தையும் சொல்லாவிட்டால் எந்தக் கிராமத்தைக் கேட்டாலும் ஒரே மாதிரி வரும்.

தமிழ்லயே எழுதலாமுங்களா, இல்ல இங்கிலீஷ் வேணுமுங்களா?

தமிழிலேயே எழுதலாம், இப்போதுள்ள பல சேவைகளுக்குப் புரிகிறது. வட்டாரச் சொல் வந்தால் மேலே சொன்னபடி விரித்து எழுதுங்கள்.

எஞ்சின் ஒண்ணும் இல்லாமயே ஆரம்பிக்கலாமா? செலவு பயமா இருக்குதுங்க.

தாராளமாக. காசு கேட்பவை ஓடும் எஞ்சினும் தண்டவாளமும்தான். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவை. ஒரு ஷூ பெட்டி மூடியில் ஒரு லெவல் கிராசிங், கேட் மூடிக் காத்திருக்கும் மாட்டு வண்டி, நாலு ஆட்கள் என்று செய்து பாருங்கள். ஓடாத ரயிலும் ரயில்தான். அதில் கை பழகிய பிறகு எஞ்சினுக்குக் காசு சேர்க்கலாம்.

எந்த அளவுல செய்யறதுங்க? ஒண்ணுக்கு எம்பத்தேழுன்னு சொல்றாங்களே, அது என்ன கணக்கு?

உலகத்தில் அதிகம் புழங்கும் எச்ஓ (HO) அளவு அது. நிஜப் பொருளை 87 மடங்கு சுருக்குவது. மில்லிமீட்டரில் அளந்து 87ஆல் வகுத்தால் போதும். ஆறரை அடிக் கதவு 23 மில்லிமீட்டர் வரும். நாலரை அடி உயரக் காளை 16 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 15 மீட்டர் தென்னை 17 சென்டிமீட்டருக்கு மேல். சென்னை ஐசிஎஃப் தொழிற்சாலையில் செய்த பழைய நீல நிற ரயில் பெட்டி நிஜத்தில் 21 மீட்டருக்குச் சற்று அதிகம். நம் பலகையில் 24 சென்டிமீட்டரைத் தாண்டும். இடம் குறைவென்றால் 'N' என்ற அளவு இருக்கிறது, 160 மடங்கு சுருக்கம். ஆனால் அதில் மனித உருவம் ஒரு சென்டிமீட்டர்தான் வரும். கையால் பொம்மை செய்ய விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வதில்லை.

தண்டவாளத்தில் ஒரு சிக்கல். கடையில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அது 1435 மில்லிமீட்டர் கொண்ட வெளிநாட்டுப் பாதைக்கான கணக்கு. நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் 19.3 வர வேண்டும். ஈரோடு ஜங்ஷனை 16.5இல் போட்டால் பாதை கொஞ்சம் ஒல்லியாகத் தெரியும். பெரும்பாலோர் ஒத்துக்கொண்டு போகிறார்கள், நானும்தான். நீலகிரிப் பாதை 1000 மில்லிமீட்டர் மீட்டர் கேஜ். அதற்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிட்டத்தட்ட சரியாகப் பொருந்துகிறது.

ஏஐ படத்துல ஸ்கேல் வெச்சு அளந்து அப்படியே செஞ்சுக்கலாமுங்களா?

கூடாது. முதல் கேள்வியில் சொன்ன காரணம்தான். படத்துக்குள்ளேயே அளவு ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. கதவைவிட உயரமான ஆள் வருவார், பெட்டிக்குள் நுழைய முடியாத வாசல் வரும்.

சரிபார்க்க எளிய வழி ஒன்று வைத்திருக்கிறேன். 1676 மில்லிமீட்டர் என்பது சரியாக ஐந்தரை அடி. அதாவது நம் அகலப்பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியும், ஐந்தரை அடி ஆள் ஒருவரின் உயரமும் ஒன்று. படத்தில் பாதைக்குப் பக்கத்தில் நிற்கும் ஆளை மனதால் சாய்த்து, குறுக்கே வைத்துப் பாருங்கள். தலை ஒரு தண்டவாளத்திலும் கால் இன்னொன்றிலும் தொட வேண்டும். எனக்கு வந்த ஏஐ படங்களில் பெரும்பாலும் ஆள் வெளியே நீண்டுகொண்டிருப்பார். பிள்ளைகள் இந்தச் சோதனையை விளையாட்டாகவே செய்வார்கள்.

ஊட்டி ரயில் படம் ஒண்ணு கேட்டேனுங்க, சூப்பரா வந்துச்சு. அதப் பாத்துச் செய்யட்டுங்களா?

எஞ்சின் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மலையேறும் ரயிலுக்கு முன்னால் புகை விட்டுக்கொண்டு நின்றால் அந்தப் படம் தப்பு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது எஞ்சின் பின்னால் இருந்து தள்ளுகிறது. செங்குத்தில் பெட்டிகள் கழன்று கீழே உருண்டுவிடாமல் எப்போதும் பள்ளத்துப் பக்கம் எஞ்சின் தாங்கி நிற்க வேண்டும். பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் முன்தளத்தில் நின்று, கொடி பார்த்துப் பிரேக்கைத் திருகுவார். இந்த ஆட்கள் ஏஐ படத்தில் வருவதே இல்லை. எனக்கு அந்த ரயிலில் மிகவும் பிடித்தது அவர்கள்தான்.

அடுத்து, கல்லாரிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் இருக்கும். இரண்டு பல் பட்டைகள் பக்கம்பக்கமாக, ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதின் பள்ளம் வரும்படி. எஞ்சினுக்கு அடியில் உள்ள பல்சக்கரம் இதைக் கவ்விக்கொண்டு ஏறும். 1899இல் குன்னூர் வரை பாதை திறந்தபோதிருந்து அதே ஏற்பாடுதான். ஏஐ இதை வரையாது. வரைந்தாலும் மூன்றாவது தண்டவாளம் போல ஒரு கோடு போட்டு விட்டுவிடும். நான் மெல்லிய கேபிள் டை இரண்டை, பல் உள்ள பக்கம் மேலே வரும்படி, பாதிப் பல் தள்ளி ஒட்டி, துருப்பிடித்த நிறம் அடித்திருக்கிறேன். பார்வைக்கு அப்படியே இருக்கிறது.

ஆனால் அது பார்வைக்கு மட்டும். நிஜப் பாதையில் 12 அடி போனால் ஓரடி ஏறும் சரிவு உண்டு. எட்டடிப் பலகையில் அப்படிப் போட்டால் ஒரு முனைக்கு மறு முனை எட்டு அங்குலம் உயரம் வரும், சாதாரண மாடல் எஞ்சின் பெட்டியோடு ஏறாமல் சறுக்கும். நூறு சென்டிமீட்டருக்கு மூன்று சென்டிமீட்டருக்குள் வைத்துக்கொண்டு, பின்னால் உள்ள மலையைச் செங்குத்தாகச் செய்யுங்கள். கண்ணுக்குப் பாதையும் செங்குத்தாகத் தெரியும்.

அப்ப ஏஐ படம் எதுக்குத்தானுங்க உதவும்?

நிறைய உதவும். எதை எங்கே வைப்பது, எந்தப் பக்கம் காலியாக விடுவது, வெயில் எந்தப் பக்கம், ஆட்கள் எப்படி நிற்பார்கள், இப்படிப்பட்டவற்றுக்கு அதைவிட வேகமான துணை எனக்குக் கிடைத்ததில்லை. கல்லார் பாக்குத் தோப்புக்கு நடுவே ரயில் வரும் காட்சியைப் பத்து விதமாகக் கேட்டேன். ஒன்பது பயன்படவில்லை. பத்தாவதில் ரயிலில் பாதியைத் தோப்பு மறைத்திருந்தது. முழு ரயிலும் தெரிய வேண்டும் என்றே நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பாதி மறைந்தால் தோப்பு பெரிதாகத் தோன்றும் என்பது அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. இன்று வருகிறவர்கள் எல்லாரும் முதலில் விரல் நீட்டுவது அந்த இடத்தைத்தான்.

அமைப்புக்கும் மனநிலைக்கும் ஏஐ படம். அளவுக்கும் இயந்திரத்துக்கும் நிஜப் பொருளும் நிஜப் புகைப்படமும். களிமண்ணில் கை வைத்ததும் நான் ஏஐ படத்தை மூடிவிடுவேன்.

பொம்மைய எப்படிங்க செய்யறது? அத்தன சின்னதுல கை கால் வருமுங்களா?

வரும். முதலில் ஐந்தாறு பொம்மை கொலு அளவில், ஏழெட்டு சென்டிமீட்டரில், களிமண்ணில் செய்து பழகுங்கள். அப்புறம் சின்னதுக்கு வரலாம்.

19 மில்லிமீட்டர் ஆளுக்கு எலும்பு வேண்டும். நம் ஊரில் மோட்டார் ரீவைண்டிங் கடைக்குப் பஞ்சமில்லை. காயில் சுற்றி மிஞ்சிய மெல்லிய செம்புக் கம்பித் துண்டு கேட்டால் கொடுப்பார்கள். மேல் பூச்சைப் பிளேடால் சுரண்டிவிடுங்கள், இல்லாவிட்டால் புட்டி பிடிக்காது. பாதிக்கு வளைத்து முறுக்கினால் முறுக்கிய பாகம் உடம்பு, பிரிந்த இரண்டு முனை கால்கள், வளையம் தலை. கைகளுக்குத் தனித் துண்டைத் தோள் இருக்கும் இடத்தில் ஒரு சுற்று. பொம்மை எப்படி நிற்க வேண்டுமோ அப்படி இந்தக் கட்டத்திலேயே வளைத்துவிட வேண்டும். பிறகு வளைத்தால் வெடிக்கும். எம்-சீல் மாதிரி எபாக்ஸி புட்டியின் இரண்டு பாகத்தையும் சரிபாதி எடுத்துப் பிசைந்து, ஊசி முனையைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு, கடுகளவு கடுகளவாக ஏற்றுங்கள். தலை இரண்டரை மில்லிமீட்டர், அதற்கு மேல் வேண்டாம். தலை பெருத்தால் பெரிய ஆள்கூடக் குழந்தை போல ஆகிவிடுவார்.

சேலைக்கு டிஷ்யூ காகிதம். தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து, பொம்மை மேல் சுற்றி, ஊசியால் கொசுவத்தை இழுத்துவிட்டால் காய்ந்ததும் அப்படியே நிற்கும். கண் வரைய வேண்டாம். புருவத்துக்குக் கீழே மங்கலான பழுப்பில் ஒரு நிழல் போதும், ஓரடி தூரத்தில் அது பார்வையாகவே தெரியும்.

முன்பக்கம் மட்டுந்தானுங்க படம் இருக்குது. முதுகுப் பக்கம் என்ன செய்ய?

"இதே ஆளைப் பின்னாலிருந்து காட்டு" என்று கேட்கலாம். ஆனால் துண்டு தோள் மாறியிருக்கும், வேட்டிக் கரை நிறம் மாறியிருக்கும். என் வழி சுலபமானது. படத்தில் உள்ளபடி வீட்டில் ஒருவரை நிற்கச் சொல்லி, சுற்றிவந்து எட்டுப் பக்கமும் போனில் எடுத்துக்கொள்வேன். என் பலகையில் பிளாட்பாரத்தில் இடுப்பில் கை வைத்து நிற்பவர் என் மாமனார். அவர் வேட்டியை மடித்துக் கட்டும் விதம் எந்த ஏஐ படத்திலும் வராது.

மண்ணு, புல்லு, மரமெல்லாம் கடையில வாங்கோணுமுங்களா?

வேண்டியதில்லை. தேங்காய் நாரைப் பொடியாக நறுக்கினால் கொரங்காட்டுப் புல். பனியன் வேஸ்ட் நூலைச் சாம்பல் கலரில் முக்கிப் பிய்த்தால் கிளுவை வேலி. குடித்து மிஞ்சிய தேயிலைத் தூளைக் காயவைத்தால் தோப்புக்குள் சருகு. மலைக்குத் தர்மாகோல் அடுக்கி, மேலே காகிதக் கூழ்.

தோட்டத்துச் செம்மண்ணைச் சலித்துப் போடலாம். அதைவிட நல்ல நிறம் கிடையாது. ஆனால் போடுவதற்கு முன் ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மண்ணுக்குள் நாலு தடவை உழுதுவிடுங்கள். கறுப்பாக ஒட்டிக்கொண்டு வருவது இரும்புத் துகள். அது பாதையில் கிடந்தால் எஞ்சின் மோட்டாரிலுள்ள காந்தம் உள்ளே இழுத்துவிடும். இதைச் செய்யாமல் என் முதல் எஞ்சின் போனது.

படத்துல இருக்கற கலர் எனக்கு வரவே மாட்டேங்குதுங்க.

படத்தில் இருப்பது பெரும்பாலும் சாயங்காலப் பொன் வெளிச்சம். நம் பலகை டியூப் லைட்டுக்குக் கீழே இருக்கிறது. பலகை இருக்கும் அதே வெளிச்சத்தில் உட்கார்ந்து கலர் அடியுங்கள், பாதி சரியாகிவிடும். மீதிக்கு, எல்லாக் கலரிலும் ஒரு துளி சாம்பல் சேருங்கள். ஒன்றுக்கு எண்பத்தேழு அளவில் பளிச்சென்ற சிவப்பு பொம்மைக் கடைச் சிவப்பாகத்தான் தெரியும்.

ஸ்டேஷன் போர்டுல தமிழ் எழுத்து கந்தரகோளமா வருதுங்களே?

ஆமாம், பல சமயம் எழுத்து மாதிரி ஏதோ வரும். போர்டைப் படத்திலிருந்து எடுக்கவே வேண்டாம். மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து, தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் ஊர்ப் பெயர், கடல் மட்டத்திலிருந்து உயரம். கணினியில் நீங்களே அடித்து, நிஜ போர்டின் அளவை 87ஆல் வகுத்துப் பிரிண்ட் எடுத்து ஒட்டுங்கள்.

பையன் போன்ல அந்தப் படத்தப் பாத்துட்டு, நான் செஞ்சது கேவலமா இருக்குதுன்னு ஒடைச்சுப் போட்டுட்டானுங்க. என்ன பண்றதுங்க?

இந்தக் கேள்வி கேட்கும்போது பெற்றோரின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். என் ஞாயிற்றுக்கிழமை ஒழுங்கை மாற்றியதே இதற்காகத்தான். இப்போது முதலில் மண். பிள்ளை தனக்குத் தெரிந்த ஆட்டையோ பஸ்ஸையோ செய்து முடித்து, காயவைத்த பிறகுதான் படம். அப்போது "என்னுடைய ஆட்டுக்கு எந்த மாதிரி இடம் வேண்டும்?" என்று தேடுவான். படம் அவன் பொம்மைக்குத் துணையாக வரும், போட்டிக்கு வராது.

இன்னொன்றும் செய்யலாம். நம் பக்கத்துக் கோயில்களில் நேர்ந்துகொண்டு வைக்கும் உருவாரங்களைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். மண்ணில் செய்த மாடு, குதிரை, கைக்குழந்தை. மூக்கு ஒரு கிள்ளு, கண் இரண்டு குழி. அவ்வளவுதான். ஆனால் மாடு நோய் தீர்ந்து எழுந்ததற்காக ஒருவர் வைத்த மாடு அது. பிள்ளைகள் அதன் முன்னால் பேசாமல் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

செஞ்சத விக்கலாமுங்களா? சட்டச் சிக்கல் வருமுங்களா?

நீங்கள் கையால் செய்த பொம்மையை விற்கலாம். படத்தைப் பொறுத்தவரை, நம் 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம் கணினி உருவாக்கிய படைப்புக்கு, அதை உருவாக்கக் காரணமானவரை ஆசிரியராகச் சொல்கிறது. ஆனால் இன்றைய ஏஐ படங்களுக்கு அது எப்படிப் பொருந்தும் என்பது இன்னும் தெளிவாகத் தீரவில்லை. அதனால் படத்தையே பிரிண்ட் போட்டு விற்பதை நான் தவிர்க்கிறேன்.

சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. உயிரோடு இருக்கும் ஒரு பொம்மைக் கலைஞரின் பெயரைப் போட்டு "அவர் மாதிரி செய்து கொடு" என்று ஏஐயிடம் கேட்டு, அதைப் பார்த்துச் செய்து விற்காதீர்கள். அவர் பிழைப்பு அது. வாங்குகிறவர் கேட்டால், யோசனைக்கு ஏஐ படம் பார்த்தேன், செய்தது நான் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அதற்காக இதுவரை யாரும் என்னிடம் வாங்காமல் போனதில்லை.

எங்க அம்மாயி கிணத்துக்கடவு ஸ்டேஷன்ல மீட்டர் கேஜ் வண்டி ஏறுனதப் பத்திச் சொல்லிட்டே இருக்குமுங்க. போட்டோ ஒண்ணுமில்ல. ஏஐல அந்த ஸ்டேஷன வரவெச்சுச் செஞ்சு குடுக்கலாமுங்களா?

செய்து கொடுங்கள், ஆனால் படத்தை முதலில் பாட்டியிடம் காட்டாதீர்கள். போத்தனூர்–பொள்ளாச்சிப் பாதை அகலப்பாதையாக மாறி, பழையது இப்போது இல்லை. ஏஐ கொடுப்பது அழகான ஒரு பழைய ஸ்டேஷனாக இருக்கும்; கிணத்துக்கடவாக இருக்காது. வயதானவர்களுக்கு அழகான படத்தைக் காட்டினால் "ஆமா, இப்படித்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிடுவார்கள். அதற்கப்புறம் அவர்கள் மனதில் இருந்த ஸ்டேஷன் நமக்குக் கிடைக்காது.

முதலில் ஒரு பெரிய தாளை விரித்து, நடுவில் தண்டவாளமாக இரண்டு கோடு போட்டு, பென்சிலை அம்மாயி கையில் கொடுங்கள். டிக்கெட் வாங்கியது எங்கே, வெயிலுக்கு ஒதுங்கியது எங்கே, வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வரும், தண்ணீர் எங்கே குடித்தார்கள். வரையத் தெரியாவிட்டால் புளியங்கொட்டையை வைக்கச் சொல்லுங்கள். சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்ளுங்கள். இது முடிந்த பிறகு வெளிச்சத்துக்கும் உடுப்புக்கும் ஏஐ படம் பாருங்கள். அவர் சொன்னதும் நீங்கள் ஊகித்ததும் எது எது என்று பலகைக்கு அடியில் எழுதி வையுங்கள்.

இப்படி ஒரு பெண் செய்துகொண்டு வந்தாள். முதல் தடவை ஏஐ படத்தில் இருந்தபடி வேப்பமரத்தைப் பிளாட்பாரத்து மேல் வைத்திருந்தாள். அம்மாயி வெகுநேரம் பார்த்துவிட்டு, அந்த மரத்தை மெதுவாகப் பிடுங்கி, கிணற்றுக்கு அந்தப் பக்கம் நட்டு, "இங்கதான் கண்ணு, உங்க அப்பச்சி என்னைய ஏத்திவிட வந்து நின்னாரு" என்றார்களாம். அந்தப் பெண் இப்போது அந்த நிழலில் நிற்கத் தன் தாத்தாவைச் செய்துகொண்டிருக்கிறாள். தலை கொஞ்சம் பெரிதாகிவிட்டது என்று இரண்டு முறை உருட்டி மறுபடியும் ஆரம்பித்திருக்கிறாள்.